கிளாடியேட்டரின் கம்பிகள்

கடந்த மூன்று மாதங்களாக எங்கள் காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு போர்விமானம் உருவாகிவருகிறது. கிளாஸ்டர் கிளாடியேட்டர் என்ற பழைய பிரிட்டிஷ் விமானத்தின் மாதிரி. அசல் விமானத்தின் மேலிறக்கை முனைக்கு முனை 9.83 மீட்டர், நான் எட்டில் ஒரு பங்காகச் செய்கிறேன். மரவேலை கற்றுக்கொடுத்தே காலம் கழித்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு இதைவிட நல்ல பாடம் அமையவில்லை.

ஏன் இந்தப் பழைய விமானம் என்று என் மகன் கேட்டான். செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது. சிறுவயதில் அங்கே போய் நின்று வானத்தைப் பார்த்தவன் நான். அந்த ஆசை ஒரு காரணம். இன்னொன்று, இதன் கம்பிகள்.

இரண்டு அடுக்கு இறக்கை, நடுவே தூண்கள், குறுக்கே கம்பிகள். பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளையப் பார்க்கும். ஒரு சாய்வில் ஓடும் கம்பிகள் அதை இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்கும்போது இறக்கைகள் தம் எடையால் தொங்கப் பார்க்கும். அதற்கு எதிர்ச்சாய்வில் வேறு கம்பிகள். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஒவ்வொரு கம்பியும் தூணும் காற்றில் உராய்ந்து வேகத்தைத் தின்னும்.

இங்கேதான் வடிவமைப்பாளர் ஹென்றி ஃபோலண்டை வணங்கத் தோன்றுகிறது. அவருடைய முந்தைய விமானமான கான்ட்லெட்டில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசைத் தூண்கள் இருந்தன. கிளாடியேட்டரில் வெளிவரிசையை அப்படியே நீக்கினார். சக்கரத்துக்குள்ளேயே வில் அமைப்பை வைத்து, சக்கரக் கால்களின் தாங்குகட்டைகளையும் குறைத்தார். அரசு ஆணைக்குக் காத்திராமல் கிளாஸ்டர் நிறுவனம் சொந்தப் பணத்தில் செய்த முதல் மாதிரி விமானம் அது. 1934 செப்டம்பரில் பறந்தது. ஒரு வேலையில் எதை எடுத்துவிடலாம் என்று தெரிந்தவனே தச்சன். என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிவந்தேன்.

ஆனால் காலம் அவருக்கு இடம் தரவில்லை. 1935 நவம்பரில் ஹரிக்கேன் என்ற புதிய போர்விமானம் பறந்துவிட்டது. 1936 மார்ச்சில் ஸ்பிட்ஃபயர். இரண்டும் ஒற்றை இறக்கை. கிளாடியேட்டர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்ததோ 1937 பிப்ரவரியில். மணிக்கு ஏறத்தாழ 407 கிலோமீட்டர் வேகம், நான்கு துப்பாக்கிகள், மூடிய விமானி அறை. பிரிட்டனின் இரட்டை இறக்கைப் போர்விமானங்களில் இது உச்சம். இதைக் காலாவதியான வண்டி என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

நார்வேயை நினைத்தால் மனம் கனக்கிறது. 1940 ஏப்ரல் 24 அன்று, ஜெர்மனி படையெடுத்திருந்த அந்த நாட்டுக்கு உதவ, 18 கிளாடியேட்டர்கள் குளோரியஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, லெஸ்யாஸ்கூக் என்ற உறைந்த ஏரிமேல் இறங்கின. ஓடுதளமே பனிக்கட்டி. இரவுக் குளிரில் கார்புரேட்டர்களும் இறக்கைக் கட்டுப்பாடுகளும் உறைந்துபோயின. விடிந்ததும் ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கிளாடியேட்டர்களில் பெரும்பாலானவை ஏரியிலேயே நொறுங்கின. விமானத்தின் குறையால் அல்ல, அதை நிறுத்திய இடத்தால்.

அதே ஆண்டு ஜூனில் மால்டா தீவைக் காத்தவையும் இவைதான். குளோரியஸ் கப்பலுக்காக அங்கே பெட்டிகளில் கிடந்த கடற்படைக் கிளாடியேட்டர்களை வெளியே எடுத்துப் பூட்டிப் பறந்தார்கள். மூன்றே மூன்று என்று கதை வளர்ந்தது. உண்மையில் அதைவிட அதிகம் இருந்தன. அவற்றுள் ‘நம்பிக்கை’ என்று பெயர்பெற்ற ஒன்றின் உடல் வலேட்டா அருங்காட்சியகத்தில் இறக்கைகள் இல்லாமல் நிற்கிறது. படத்தில் பார்த்தபோது, கம்பிகள் பூட்டும் கொக்கிகளையே என் கண் தேடியது.

அசலைப்போலவே என் இறக்கைக்கும் துணி போர்த்த வேண்டும். அதன்மேல் டோப் என்ற திரவத்தைப் பூசினால், காயக் காயத் துணி சுருங்கி மத்தளத் தோல்போல இறுகும். என் முதல் முயற்சியில் இறக்கையே முறுக்கிக்கொண்டது. கண்டாங்கிச் சேலை நெய்யும் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். விரலால் தடவிவிட்டு, “பாவு இழை நேராக ஓடவில்லை அண்ணே, சாய்த்து வெட்டியிருக்கிறீர்கள். ஒரு பக்கம்தானே இழுக்கும்?” என்றார். மெல்லிய துணியை அவரே நேராக வெட்டித் தந்தார்.

நேற்று கீழிறக்கையில் இரண்டாம் பூச்சு முடித்தேன். சாயங்காலம் அவர் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். நடுவில் டங்கென்று ஒலித்தது. இடது ஓரத்தில் இன்னும் தொய்வு இருக்கிறது என்றார். தட்டிக் கேட்டேன், இருக்கிறது. நாளைக்கு இன்னொரு பூச்சு.