42 வயதில் நேர்சிங் படிக்க விண்ணப்பித்த அனுபவம்

லண்டனில் கெயார் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் பலரின் மனதில் ஓர் எண்ணம் கிடக்கும்: நேர்சிங் படித்திருக்கலாமே என்று. எனக்கும் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். (பல்கலைக்கழகம் புக எழுதும் உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் கம்பஸுக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. பிறகு கலியாணம், லண்டன், இரண்டு பிள்ளைகள். சின்னவள் செக்கண்டரி ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிய வருடம்தான் துணிந்தேன். இங்கே 21 வயது தாண்டி முதற் பட்டப்படிப்புக்குப் போகிற எல்லோரையும் முதிர்ந்த மாணவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். எனக்கு அப்போது 42.

ஏ.எல். சான்றிதழ் இருந்தால் போதும், நேரே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கல்லூரி ஆலோசனை மேசையில் சொல்லிவிட்டார்கள். அதை நம்பிக் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகப் பெறுபேற்றுப் பிரதி எடுத்தேன். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் கேட்பார்கள்; பழைய அட்டைகளை எறியாமல் வைத்திருந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம். யு.கே. எனிக் என்ற அமைப்பில் காசு கட்டி, அந்தச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்ற கடிதமும் வாங்கினேன். அதன்பிறகு நான் கேட்டுப் பார்த்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் எழுதிய பதில் ஒன்றுதான்: சான்றிதழில் குறையில்லை, ஆனால் அண்மைய வருடங்களில் படித்ததற்கு ஆதாரம் வேண்டும். ஊர்ச் சான்றிதழோடு வருகிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். தடையாக நிற்பது உங்கள் வயதில்லை, படிப்பின் வயது.

அதற்கு வழி அக்சஸ் கோர்ஸ். 'அக்சஸ் டு ஹையர் எஜுகேஷன் டிப்ளோமா' என்பது முழுப்பெயர். மொத்தம் 60 கிரெடிட், அதில் 45க்கு பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வருடம். கட்டணத்துக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம். வீட்டு வருமானம் கேட்கமாட்டார்கள், கிரெடிட் செக்கும் இல்லை. பிறகு பட்டப்படிப்பை முடித்தால், அக்சஸ் கோர்ஸுக்கு எடுத்த லோனின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இதைச் சொன்னபோது என் மனிசன் நம்பவில்லை, அரசாங்கத்தின் பக்கத்தைத் தானே திறந்து வாசித்த பிறகுதான் சரி என்றார்.

ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஜி.சி.எஸ்.ஈ.யில் (இங்கே பிள்ளைகள் 16 வயதளவில் எழுதும் பரீட்சை) 4ஆம் தரம், அல்லது அதற்குப் பதிலான பங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 வேண்டும். அந்தத் தகுதி இல்லாத பெரியவர்களுக்கு இங்கிலாந்தில் இதை இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் பங்ஷனல் ஸ்கில்ஸை ஏற்பதில்லை, ஜி.சி.எஸ்.ஈ.தான் வேண்டும் என்று நிற்கும். எது படிப்பது என்று முடிவெடுக்கமுன் நீங்கள் போக நினைக்கும் இடங்களின் நிபந்தனையை வாசியுங்கள்.

கோர்ஸ் செப்டெம்பரில் தொடங்கியது. பாடம் பிடிபடமுன்னரே யுகாஸ் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் அமைப்பு) விண்ணப்பம் வந்து நின்றது, ஏனென்றால் கடைசித் திகதி ஜனவரியில். ஐந்து இடங்கள் வரை தெரிவு செய்யலாம். நான் ஐந்தையும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடியதாகப் பார்த்தேன். பெயரும் புகழும் பதினெட்டு வயதுப் பிள்ளை பார்க்கட்டும். எனக்கு விடியற்காலை ஷிப்டுக்கு பஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என்னை உலுக்கியது பேர்சனல் ஸ்டேட்மென்ட்தான், அதாவது விண்ணப்பத்தில் எங்களைப் பற்றி நாங்களே எழுதும் பகுதி. இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகள். (2026 சேர்க்கையிலிருந்து அதே அளவுக்குள் மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த முறை எனக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி!) சின்ன வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை, பிறருக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்று நல்ல பிள்ளையாக எழுதிக் கொண்டுபோனேன். ரியூட்டர் முதல் பந்தியைக் குறுக்கே வெட்டிவிட்டு, "போன கிழமை வேலையில் என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

யோசித்துச் சொன்னேன். ஒரு வயோதிபர் தேநீர் குடிக்கும்போதெல்லாம் இருமுவார். நான் அதைப் பதிவேட்டில் தொடர்ந்து எழுதி, எடையும் குறைகிறது என்று நேர்ஸிடம் காட்டினேன். ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பரிசோதித்து, விழுங்குவதில் சிரமம் இருக்கிறது, பானங்களைத் தடிப்பாக்கிக் கொடுங்கள் என்றார். "இதைத்தான் எழுத வேண்டும்" என்றார் ரியூட்டர். எனக்கு அது வேலை, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் பட்டது. நான் செய்தேன், நான் கவனித்தேன் என்று எழுதவே கை கூசியது. எங்கள் வீடுகளில் அப்படிக் கதைத்தால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். ஆனால் வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் பத்து வருட வேலை அவர்கள் கண்ணில் படவே படாது. அந்த இருமல் கதைதான் என் ஸ்டேட்மென்டின் நடுத்தூணாக நின்றது.

நேர்முகத்திலும் அது கைகொடுத்தது. ஒரே மேசையில் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு நிலையமாகப் போய்ச் சில நிமிடங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்தில் மருந்தளவுக் கணக்கு, இன்னொன்றில் சக ஊழியர் பிழைவிடுவதைக் கண்டால் என்ன செய்வாய் என்ற கேள்வி. என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) சொல்லும் ஆறு 'சி'க்களை, அதாவது கெயார், கம்பஷன் என்று ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்கும் ஆறு பண்புகளைப் பாடமாக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் வேலையிலிருந்து ஓர் உதாரணம் கையில் இருக்க வேண்டும். 15 டிஸ்டிங்ஷன், 15 மெரிட் எடுத்தால் இடம் என்று நிபந்தனையோடு ஒரு ஓபர் வந்தது.

தடுப்பூசிப் பதிவு கேட்டார்கள். இடம்பெயர்வில் தொலைந்த அட்டைக்கு நான் எங்கே போவேன்? இரத்தப் பரிசோதனையில் பிறபொருளெதிரியைப் பார்த்தார்கள், இல்லாததற்குத் திரும்ப ஊசி போட்டார்கள். காசநோய்த் தடுப்பூசிக்கு என் கையிலிருந்த பி.சி.ஜி. தழும்பே சான்றிதழாகிவிட்டது.

இனிக் காசு. கட்டணத்தை லோனாக நேரே பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடுவார்கள். நான் 2024இல் தொடங்கியபோது வருடம் 9,250 பவுண்ஸ். வாழ்க்கைச் செலவுக்கான லோனுக்கு 25 வயது தாண்டியவர்களிடம் பெற்றோர் வருமானம் கேட்பதில்லை, சேர்ந்து வாழும் கணவர் அல்லது மனைவியின் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். நேர்சிங்குக்கு மேலதிகமாக என்.எச்.எஸ். வருடம் 5,000 பவுண்ஸ் தரும், பிள்ளை இருந்தால் இன்னும் 2,000. இவை திருப்பிக் கட்டவேண்டியதில்லை. லோனைத் திருப்பிக் கட்டுவது வருடம் 25,000 பவுண்ஸுக்கு மேல் உழைக்கும் தொகையில் 9 வீதம். கடன் என்றதும் பயப்படுகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊரில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாவது பட்டத்துக்கு லோன் இல்லை என்பது பொது விதி, ஆனால் நேர்சிங்குக்கு விலக்கு உண்டு. என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் யாழ் கம்பஸ் பட்டதாரி, 52 வயது. எனக்கு லோன் கிடைக்காது என்று வருடக்கணக்காகச் சும்மா இருந்தவர். இப்போது கணிதத்துக்குப் பதிந்திருக்கிறார். அடுத்த செப்டெம்பரில் அக்சஸ் கோர்ஸ்.