தியானம், ஆறாவது வாரம்: முப்பத்தேழாவது மூச்சு

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். காலையில் வந்து குளித்து, பசியாறிவிட்டுப் பாயைப் போட்டு உட்காருவேன். முதல் இரண்டு வாரம் நடந்தது தியானமே இல்லை, உட்கார்ந்தபடி தூக்கம். ஒரு நாள் தலை சாமிமேடையில் முட்டிக் குங்குமச் சிமிழ் கவிழ்ந்துவிட்டது. மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது பசியாறும் முன்பே உட்கார்ந்துவிடுகிறேன். கால் மரத்துப்போவதற்கு, இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து முட்டியைத் தாழ்த்தியதும் சரியாகிவிட்டது.

மூச்சை எண்ணுவதில்தான் ஆரம்பித்தேன். விடும் மூச்சுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. பத்து வந்ததும் திரும்ப ஒன்று. நடுவில் நினைப்பு ஓடிவிட்டால் திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்கு வந்துவிட வேண்டும். நான்கைத் தாண்டவே எனக்குப் பத்து நாள் பிடித்தது. பிறகு தடையில்லாமல் ஓட ஆரம்பித்தது. பரவாயில்லையே என்று நினைத்து, எத்தனையில் இருக்கிறோம் என்று பார்த்தால் முப்பத்தேழு! எண்ணிக்கை அதுபாட்டுக்குப் போகிறது, நான் சம்பளத்தில் ஓவர்டைம் காசு ஏன் குறைந்தது என்று சூப்பர்வைசரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வியாதி எனக்குப் பழையது. என் வேலை மைக்ராஸ்கோப்பில் மின்னணுச் சில்லுகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது. கை பழகிவிட்டால், கண் பார்க்காமலே 'பாஸ்' போட்டுவிடும். எதுவும் பழகப் பழக வரும் என்பார்கள். இது மட்டும் எனக்குப் பழகப் பழகக் கெடுகிறது.

அதனால் எண்ணுவதை விட்டு, பர்மாவின் புத்த பிக்கு மகாசி சயாடோ பரப்பிய முறைக்கு வந்தேன். வயிறு உப்பும்போது 'எழும்புது', இறங்கும்போது 'அமுங்குது' என்று மனசுக்குள் குறித்துக்கொள்வது. சத்தம் கேட்டால் 'கேட்குது', அரித்தால் 'அரிக்குது'. சொறிவதற்கு முன்னால் அரிப்பை அரை நிமிடம் பார்த்தேன். வளர்ந்து, ஒரு இடத்தில் ஊசி மாதிரி நின்று, தானாகவே போய்விட்டது. இந்த ஆறு வாரத்தில் நான் உருப்படியாகப் பார்த்தது அந்த அரிப்பைத்தான்.

வேலையிலும் ஒரு இடம் கிடைத்தது. கிளீன்ரூமுக்குள், அதாவது தூசி புகாத வேலை அறைக்குள், போகும் முன் ஏர் ஷவரில் நிற்க வேண்டும். நாலா பக்கமும் காற்று அடிக்கும் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. மூன்று மூச்சு பார்ப்பேன். ஒரு வாரம் நன்றாக நடந்தது. எட்டாவது நாள் கதவு திறந்து உள்ளே நடந்த பிறகுதான், மூச்சே பார்க்கவில்லை என்று தெரிந்தது.

ஞாயிறு காலை தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படி. காலடியையும் அதே மாதிரி 'தூக்கு, நகர்த்து, வை' என்று குறித்துக்கொண்டு ஆமை மாதிரி ஏறினேன். அறுபதாவது படி இருக்கும், பின்னாலிருந்து ஒரு அக்கா, "என்னம்மா, காலு வலியா?"

"இல்லக்கா, சும்மா மெதுவா ஏறுறேன்."

"வலியில இருக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, வா" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தூக்கு, நகர்த்து எல்லாம் போச்சு. அவர் உள்ளங்கை ஈரம், கண்ணாடி வளையல் சில்லென்று படுவது, அவர் மூச்சு வாங்க நிற்கும்போது என் கையில் ஏறும் கனம், இவை மட்டும் உச்சிவரை ஒவ்வொரு படியிலும் தெரிந்துகொண்டே இருந்தன.

அடுத்த வாரம் காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். ஐந்து மணிக்கு உட்கார்ந்து பார்க்கிறேன்.