பூங்காவில் மகுடம் காய்ச்சிய கதை

2007-இல் சென்னை சங்கமம் முதன்முதலாக நடந்தபோது நான் அங்கே வேலையில் இருந்தேன். ஒரு பூங்காவில் கரகாட்டம். செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தேன். நம்ம ஊர்ப் பூங்காவில் நம்ம கணியான் கூத்து ஏன் நடக்கக் கூடாது என்ற நினைப்பு அன்றைக்கு விழுந்ததுதான். ஊர் திரும்பி, பாளையங்கோட்டையில் குடியேறி, நாலு நண்பர்கள் சேர்ந்து, இந்த மாசியில்தான் அதை நடத்த முடிந்தது.

முதலில் போனது பூங்காவுக்கு அனுமதி தருகிற அலுவலகத்துக்கு இல்லை, அண்ணாவி வீட்டுக்கு. கணியான் கூத்தில் முன்னின்று பாடுகிறவரை அண்ணாவி என்பார்கள். கூட ஒருவர் பின்பாட்டு, மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிக்க இரண்டு பேர், ஒருவர் ஜால்ரா, பெண் வேடம் கட்டி ஆட இரண்டு ஆண்கள். சுடலை மாடன் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய நடக்கிற கூத்து. அண்ணாவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“எல்லாஞ் சரி தம்பி, பூங்காவுல எந்தச் சாமிக்குப் பாடச் சொல்லுதிய?”

என்னிடம் பதில் இல்லை. “ஜனங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்று சமாளித்தேன். சிரித்தார். காப்புப் பாடிவிட்டுத்தான் கதைக்குள் போவேன், கையைக் கீறிச் சாமிக்கு இரத்தம் கொடுக்கிற கைவெட்டு கோயிலோடு சரி, செவ்வாய் வெள்ளி கூப்பிடாதீர்கள் என்றார். அந்த இரண்டு நாட்களில்தான் பெரும்பாலும் கொடை இருக்கும். ஞாயிறு என்று முடிவானது. அப்புறம் ஒன்று சொன்னார்: “தீ வேணும். மறந்துராதிய.”

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அனுமதிக் கடிதத்தில் ‘தீ’ என்ற சொல்லே இல்லை.

அலுவலகத்துக்குக் கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போவது நல்லது. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டால்தான் மறுபடி போகும்போது “எப்போ கொடுத்தீங்க?” என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். எந்தப் புல்தரையில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை நாற்காலி, குப்பையை யார் அள்ளுவது என்று எல்லாம் எழுதி, கையால் வரைந்த ஒரு படமும் வைத்தேன். அந்தப் படம்தான் வேலை செய்தது. பார்த்தவுடன், “பூச்செடி இருக்கிற பக்கம் வேண்டாம், ஊஞ்சலுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கோங்க” என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வைப்புத்தொகை கட்டினோம்.

காவல் நிலையத்தில் வேறு கணக்கு. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணிவரை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு இடம் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நானும் நண்பரும் டேப் பிடித்து அளந்தோம். 130 மீட்டர் வந்தது. மார்ச்சில் பொதுத்தேர்வு, அப்போது போனால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பிப்ரவரி நடுவில் தேதி வைத்தது நல்லதாகப் போயிற்று. கூம்புக் குழாய் கூடாது, பெட்டி ஒலிபெருக்கி இரண்டு மட்டும் என்று எழுதித் தந்தார்கள். மின்சாரத்துக்கு வாடகை ஜெனரேட்டர், அதைப் பூங்காவுக்கு வெளியே நிறுத்தினோம்.

விழா நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் புல்தரை சொதசொதவென்று கிடக்கிறது. அன்று தண்ணீர் விடவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தோம், சொன்னது தோட்டக்காரர் காதுவரை போகவில்லை. ஜமுக்காளத்துக்கு அடியில் தார்ப்பாய் விரித்தோம். நாற்காலிக் கால்கள் மண்ணில் இறங்கின.

ஆனால் அது சிக்கலே இல்லை, மகுடம்தான் சிக்கல். பூவரச மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய வாத்தியம். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், தோலை விடுமா? ஈரப் புல்வெளியில் பத்து நிமிஷம் வைத்ததும் உச்சம் ‘தொப் தொப்’ என்று ஈரத் துணியை அடித்த மாதிரி சத்தம் போட்டது. ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். காவலாளி குறுக்கே வந்து நின்றார். பூங்காவுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, பலகையிலேயே எழுதியிருக்கிறது. அவர் மேல் தப்பே இல்லை.

கடைசியில் எதிரே இருக்கிற டீக்கடை ஓரத்தில், கொத்தனார் சாந்துச் சட்டி ஒன்றில் ஓலையைப் போட்டு மூட்டினோம். மகுடக்காரர் தோலைத் தீக்கு நேரே சுற்றிச் சுற்றிக் காட்டுவார், விரலால் தட்டுவார், மறுபடி காட்டுவார். நாலாவது தடவை ‘கிண்’ என்று ஒரு சத்தம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப்பேர் டம்ளரோடு பூங்காவுக்குள் வந்துவிட்டார்கள். எங்கள் நோட்டீஸால் வந்த கூட்டத்தைவிட அது அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தோல் மூன்று தடவை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் உச்சம் கேட்டைத் தாண்டிப் போய்க் காய்ந்து வரும்வரை, அண்ணாவி மந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களோடு வாயடித்துக் கூட்டத்தைப் பிடித்து வைத்தார். கதையைவிட இந்த இடைவெளிகளுக்குத்தான் சிரிப்பு பலமாக இருந்தது. விடியவிடியப் பாடுகிற கதையில் சுடலை பிறப்பது வரைக்கும்தான் போக முடிந்தது. எட்டரைக்குக் காவலாளி கேட்டருகே சாவிக்கொத்தோடு வந்து நின்றார், அண்ணாவி அவரைப் பார்த்ததும் வாழி பாடி முடித்துவிட்டார்.

வைப்புத்தொகை இன்னும் வரவில்லை. நாற்காலிக் கால் பதிந்த குழிகளை நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு மணலோடு போகிறோம். அண்ணாவியிடம் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, “கொசுவர்த்தி வாங்கி வையிங்க, ஆட்டக்காரன் கால்ல கொசு தட்டுதானா, அடவு போடுதானான்னு எனக்கே தெரியல” என்றார்.