பெயரை அழிக்க மறந்த கதை

கல்லூரியில் படித்த காலத்தில் ஏழு போட்டிகளுக்குக் கதை அனுப்பினேன். ஏழிலும் தோற்றேன். நாலு தோல்வி நியாயமானது, கதை சுமார். மீதி மூன்றையும் யாரும் படித்திருக்கவே மாட்டார்கள் என்று பிற்பாடுதான் புரிந்தது. ஒரு பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, மற்றவர்கள் அனுப்பியதைப் பிரித்துப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்த பிறகு, ஒரு ராத்திரி பழைய போட்டி அறிவிப்புகளையும் என் பழைய கோப்புகளையும் அக்கம்பக்கமாகத் திறந்துவைத்துப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

முதல் கதை, 'இதற்கு முன் எங்கும் வெளியாகாத படைப்பு' என்று கேட்ட போட்டிக்குப் போனது. எங்கும் என்றால் பத்திரிகையில், புத்தகத்தில் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஆனால் அந்தக் கதையை ஆறு மாதம் முன்பே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். பெரும்பாலான போட்டிகளுக்குச் சொந்தப் பக்கத்தில் போட்டதும் வெளியானதுதான். கதையிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் அரை நிமிடத்தில் அகப்பட்டுவிடும். அப்புறம் நானே அப்படித் தேடிப் பிடித்த கதைகள் உண்டு.

இரண்டாவதில் விவகாரம் இன்னும் சின்னது. நடுவர்களுக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது, கோப்பில் பெயர் இருக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கதையின் அடியிலிருந்த பெயரை எடுத்தேன். எல்லாப் பக்கத்தின் தலையிலும் சாம்பல் நிறத்தில் பொடியாக ஓடிக்கொண்டிருந்த பெயரை எடுக்கவில்லை. கோப்பின் பெயரிலும் என் பெயர். இவை போதாதென்று, வேர்டு கோப்பின் தகவல் பகுதியில் ஆசிரியர் என்று ஓர் இடம் இருக்கிறது. வேர்டை முதன்முதலில் தயார் செய்தபோது கொடுத்த பெயர் அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டுப் பண்புகளைத் திறந்தால் தெரியும், அங்கேயே அழிக்கவும் முடியும். எனக்கு இது தெரியவே இரண்டு வருடம் ஆனது.

மூன்றாவது சொற்கணக்கு. குறைந்தது 2,000 சொல் வேண்டும். என்னிடம் இருந்தது 1,960. சேர்த்து எழுதுவது என் பழக்கம், 'போய்க்கொண்டிருந்தாள்' எனக்கு ஒரே சொல். உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். போய்க் கொண்டிருந்தாள், வந்து விட்டது, பார்த்துக் கொள்கிறேன். கதையில் ஓர் எழுத்துகூடச் சேர்க்காமல் 2,011 வந்துவிட்டது. பெருமையாக அனுப்பினேன். விதியின் அடுத்த வரி, தலைப்பும் முன்குறிப்பும் கணக்கில் வராது என்றது. என் கதைக்கு முன்னால் ஒரு சமர்ப்பணம் இருந்தது, சரியாகப் பதினாறு சொல். அதைக் கழித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போடப்படும் உச்சவரம்பு தமிழில் எழுதுகிறவருக்கு எவ்வளவு தாராளம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. 'வீட்டிலிருந்து' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அங்கே மூன்று சொல் செலவாகும். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு 2,000 முதல் 5,000 சொல் வரை அனுப்பலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கான போட்டி, 18 வயது ஆகியிருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கிடையாது. மொழிபெயர்க்காமல் தமிழிலேயே அனுப்பலாம் என்பதுதான் நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி. ஐந்து வட்டாரங்களுக்குத் தலா ஒரு பரிசு, அந்த ஐந்திலிருந்து ஒட்டுமொத்தமாக ஒன்று. தமிழில் 5,000 சொல் என்றால் கிட்டத்தட்டக் குறுநாவலின் வாசலுக்கே போய்விடலாம். நானும் போனேன். நியாயமான நாலு தோல்விகளில் அது ஒன்று.

அனுப்பவே முடியாமல் போன எட்டாவது ஒன்றும் உண்டு. கடைசி நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை நேரம் இருக்கிறது என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பன்னிரண்டு மணி நடத்துகிறவர்களின் ஊர் நேரம், நம் நேரம் அல்ல. அவர்களுக்கு நள்ளிரவு தாண்டி நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தது. 'நிறைவடைந்தது' என்ற ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படித் தோற்று அலுத்திருந்த நேரத்தில்தான் ஒரு தொகுப்பு நூலுக்குப் படைப்பு கேட்டு ஓர் அழைப்பு வந்தது. கவிதை அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று பதில். இரண்டு மணி நேரத்தில் ஒரு கவிதையை ஆழ்ந்து படித்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, முடிவெடுக்க யாராலும் ஆகாது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இணை ஆசிரியர் என்று சான்றிதழ் உண்டு, புத்தகத்தின் ஒரு பிரதியை நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். வாங்கினேன். நூறு பேருக்கு மேல் இணை ஆசிரியர்கள். என் கவிதையில் மூன்று வரி இடம் மாறியிருந்தது. அந்தப் புத்தகத்தை அதில் எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் வாங்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எழுதுகிறவர்தான் அங்கே வாடிக்கையாளர்.

காசுகூடப் பெரிதில்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று நான் கட்டத்தில் குறியிட்ட பக்கத்தில், படைப்பின் எல்லா உரிமையும் பதிப்பாளருக்கு என்று ஒரு வரி இருந்தது. எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் போய்ப் பதிந்துகொள்ளத் தேவையில்லை. பதிப்புரிமைக்காக நாடுகள் 1886-இல் செய்துகொண்ட பெர்ன் ஒப்பந்தத்தை 1908-இல் திருத்தியதிலிருந்து உலகம் மெல்ல மெல்ல இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறது. தானாக வந்ததை நான் ஒரு சொடுக்கில் கொடுத்துவிட்டேன். ஒழுங்கான பத்திரிகைகள் பொதுவாகக் கேட்பது முதல் வெளியீட்டு உரிமை மட்டும்: முதலில் நாங்கள் போடுகிறோம், அப்புறம் கதை உங்களுடையது.

பயிற்சி கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பதினாலு இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். 'சிறு வயது முதலே வாசிப்பு என் உயிர்' என்று தொடங்கும். ஒருவரும் பதில் போடவில்லை. பதினைந்தாவதாக ஒரு சிறு பதிப்பகம். அவர்கள் வெளியிட்ட நாவல் ஒன்றை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். அதில் வருகிற அண்ணன் பாத்திரத்தின் பெயர், பாதி நாவலுக்குப் பிறகு வேறாக மாறிப்போயிருந்தது. உயிர், மூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எந்தப் பக்கம், எந்தப் பெயர், என்னவாக மாறியிருக்கிறது என்று மட்டும் எழுதி, பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேட்டேன். மறுநாள் அழைப்பு வந்தது. ஆசிரியர் குழுவை நடத்திய அக்கா முதலில் சொன்னது, "அந்தப் பிழையை ஏற்கெனவே ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. பக்க எண்ணோட சொன்னது நீங்க மட்டும்தான்" என்று.

அழைத்ததும் எட்டுப் பக்கத்தைக் கொடுத்து மெய்ப்பு பார்க்கச் சொன்னார். ஒற்றுப் பிழையில் நான் புலி என்று எனக்கு எண்ணம். 'பாட்டு புத்தகம்' என்று வந்தால் நடுவில் ப் போடாமல் நகர மாட்டேன். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு 31 பிழை பிடித்தேன். அக்கா தாளைத் திருப்பி, தலைப்பைக் காட்டினார். கொட்டை எழுத்தில் இருந்த தலைப்பிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. "எல்லாரும் பொடி எழுத்தைத்தான் பார்க்கிறாங்க" என்றார்.

சம்பளம் இல்லாத மூன்று மாதம். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வேலை வாங்கினால் காசு கொடுக்க வேண்டும், போக வரச் செலவாவது கொடுக்க வேண்டும். வீட்டில் தாங்குகிறவர்கள் மட்டும் உள்ளே வர முடிகிற கதவாக அது ஆகிவிடுகிறது. நான் தாங்கப்பட்டவன், அவ்வளவுதான்.

வந்து குவிந்த பிரதிகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவதுதான் என் முதல் வேலை. என்ன கதை, எப்படிச் சொல்லியிருக்கிறார், யார் வாங்கிப் படிப்பார்கள், எடுக்கலாமா. கதைச் சுருக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் கூடாது. ஆரம்பத்தில் நான் எழுதியவற்றில் முக்கால்வாசி கதைச் சுருக்கமாகவே இருந்தது. "கதை பிரதியிலேயே இருக்கு, உன் அபிப்பிராயம் எங்கே?" என்று திரும்பி வரும்.

அந்தக் குவியலைப் படித்ததில் போட்டி நடுவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. சில கோப்புகள் திறக்கவே திறக்காது. சில, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். திருத்தங்களை ஏற்காமல், சிவப்புக் கோடுகளோடும் நண்பர் ஓரத்தில் எழுதிய கேலியோடும் ஒரு நாவல் வந்தது. அந்தக் கேலி நாவலைவிட நன்றாக இருந்தது. கடிகாரம் அலறிக் கதாநாயகன் கண்விழிக்கிற தொடக்கத்தை ஒரே வாரத்தில் ஒன்பது முறை படித்தேன். என் ஏழில் இரண்டு அப்படித்தான் தொடங்கின.

நல்ல கதை நிராகரிக்கப்படுவதையும் அங்கேதான் பார்த்தேன். அச்சில் ஒரு பெரிய தாளை மடித்தால் 16 பக்கம், அதை ஒரு ஃபாரம் என்பார்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு 165 பக்கத்துக்கு வந்து நின்றது. 160 என்றால் சரியாகப் பத்து ஃபாரம். அந்த ஐந்து பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போட்டால் பதினொரு பக்கம் வெறுமையாகப் போகும். ஐந்து பக்கக் கதை ஒன்று வெளியே போனது. அதில் ஒரு குறையும் இல்லை, அளவு சரியாக இருந்ததுதான் குறை.

புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும், அந்தப் புத்தகத்துக்கே உரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 2007 முதல் அது 13 இலக்கம். இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பத்தால் மீதியில்லாமல் வகுபட்டால் எண் சரி. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால் தெரிந்துவிடுவதற்காகத்தான் கடைசி இலக்கத்தையே வைத்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து அந்த இணை ஆசிரியர் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். வகுபடவில்லை. இன்னொரு முறை போட்டேன். வகுபடவில்லை.

பயிற்சி முடிந்ததும் 'எதிர் வீட்டுக் கதவு' என்ற என் கதையை எடுத்து, பெயரை எல்லா இடத்திலும் அழித்து, நாலு இதழ்களுக்கு அனுப்பினேன். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வொரு இதழின் விதியிலும் பார்த்துக்கொண்டேன். நாலும் அனுமதித்தவை. ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்ற இடங்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கென்று ஒரு விரிதாள் போட்டேன்: கதை, இதழ், அனுப்பிய நாள், பதில். அலுப்பான வேலைதான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் இறங்க வேண்டாம்.

அவற்றில் இரண்டு, சப்மிட்டபிள் என்ற இணையதளம் வழியாகப் படைப்பு வாங்குகிறவை. அதில் நம் கதையின் நிலை தெரியும். முதலில் 'பெறப்பட்டது' என்று இருக்கும். அங்கிருப்பவர்கள் அதில் ஏதாவது செய்தால் 'பரிசீலனையில்' என்று மாறும். மாறிய அன்று எனக்குத் தூக்கம் இல்லை. உண்மையில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. யாரோ அதை இன்னொரு ஆளிடம் ஒப்படைத்திருக்கலாம். நானே மூன்று மாதம் அப்படி ஒப்படைக்கப்பட்ட குவியலின் முன்னால் உட்கார்ந்தவன், ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஐந்தாவது மாதம் நாலில் ஒன்று ஏற்றுக்கொண்டது. அன்றே மற்ற மூன்றிலிருந்தும் கதையைத் திரும்பப் பெற்றேன். இரண்டில் அதற்கென்றே பொத்தான் இருந்தது, மூன்றாவதுக்குக் கடிதம் எழுதினேன். கடிதம் எழுதிய இடத்திலிருந்து ஒரு மாதம் கழித்து, 'உங்கள் கதை எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று பதில் வந்தது. எடுத்துக்கொண்டு போன பிறகும் வேண்டாம் என்றார்கள். அதையும் விரிதாளில் குறித்துவைத்தேன்.

இதழ் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு பிடிஎஃப்பாக வந்தது. இரண்டு நாள் அவகாசம். ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன், இன்னொரு முறை கடைசிப் பத்தியிலிருந்து மேலே வந்தேன். ஏழு பிழை. பக்க எண், வரி எண்ணோடு எழுதி அனுப்பினேன்.

இதழ் வந்ததும் அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வாழ்த்து வரும் என்று பார்த்தால், ஒரே ஓர் எழுத்து வந்தது: "க்". ஒன்றும் புரியாமல் இதழை மறுபடி எடுத்தேன். கொட்டை எழுத்தில், பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, 'எதிர் வீட்டு கதவு' என்று இருந்தது.