ஸ்காட்லாந்துப் பள்ளியோடு மழை அளந்தோம்: அனுமதி வாங்கப் பட்ட பாடு

தலைமை ஆசிரியர் கையெழுத்து இருந்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியும் ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்றும் சேர்ந்து மழை அளந்து ஒப்பிடும் திட்டம் இது. அந்த ஊர் ஆசிரியரோடு பேசி முடித்தது சுலபம். இங்கே கோப்பை நகர்த்தியதுதான் பெரும்பாடு.

மின்னஞ்சலின் அச்சுப் பிரதி செல்லாது என்று கல்வி அலுவலகத்தில் முதலில் திருப்பினார்கள். முத்திரையோடு கடிதம் வரவழைத்துக் கொடுத்தால், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் எங்கே என்றார்கள். இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி ஊட்டி போய், "செக்‌ஷன் கிளார்க் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எனவே முதல் தடவையே இவற்றை வைத்துவிடுங்கள்: அந்தப் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் அவர்கள் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம், அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்த வகுப்பு என்ற விவரம், மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், எந்தப் பாடவேளையில் நடக்கும் என்ற அட்டவணை, பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரி. "இருபக்கமும் பணப் பரிமாற்றம் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010-ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தச் சந்தேகம் எழுந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்ததும் ந.க.எண் (கோப்புக்கு அலுவலகம் போடும் பதிவெண்) வாங்காமல் நகராதீர்கள். எண் இல்லாத கோப்பைத் தேட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருக்க வேண்டும். வீடியோவில் பேசுவதற்கு ஒரு கட்டம், புகைப்படம் வெளியிடுவதற்குத் தனியாக இன்னொரு கட்டம். சில பெற்றோர் முதலாவதற்கு மட்டும் சம்மதிப்பார்கள். ஒரே கட்டமாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களை வார நாளில் பிடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. கைரேகை வைத்தால் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும்.

பார்சல் விஷயத்தில் கவனம். மழைமானியும் சிறு கருவிகளும் 'கிஃப்ட்' என்று எழுதி அங்கிருந்து கிளம்பின, சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. 2019 டிசம்பர் முதல் மருந்து, ராக்கி போன்ற விலக்கு தவிர, அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் எதையும் இறக்க முடியாது. உள்ளே இருக்கும் பொருள், மதிப்பு எல்லாம் எழுதி முழு வரி கட்டியாக வேண்டும். அதைவிட இங்கேயே செய்துகொள்வது மேல். 10 செ.மீ. விட்டமுள்ள புனல், ஒரு கேன், ஓர் அளவு உருளை போதும். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; ஆகவே 7.85 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். சில்வர் ஓக் மரத்தடியில் வைக்கவே கூடாது. மூடுபனி இலையில் படிந்து சொட்டுவதும் மழைக் கணக்கில் ஏறிவிடும்.

நேரக் குழப்பம் அக்டோபரில் வரும். மாலை 3 மணிக்குப் பேசினோம், அங்கே காலை 10.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புகிறார்கள், அவர்களின் 10.30 இங்கே 4 மணியாகிவிடும், ஊர் பஸ் போய்விடும். எங்களுக்கு மழை கொட்டும் மாதமும் அதுதான், கரண்டும் அடிக்கடி போய்விடும். இந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லி, அவர்களை 9.30-க்கு வரச் சொல்லுங்கள்.

அளவுகளை ஒப்பிட்டபோது ஒருநாள் தள்ளித் தள்ளி விழுந்தது. காரணம் பிடிபட்டபோது பிள்ளைகள் துள்ளினார்கள். 15-ஆம் தேதி காலை 8.30 முதல் 16-ஆம் தேதி காலை 8.30 வரை பெய்ததை இங்கே 16-ஆம் தேதி மழை என்று எழுதுகிறோம். பிரிட்டனில் காலை 9 முதல் 9 வரை அளந்து, தொடங்கிய 15-ஆம் தேதியில் போடுகிறார்கள். எனவே அட்டவணையில் தொடக்கம், முடிவு இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

அனுமதி அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்தான் கிடைத்தது. பள்ளி திறந்ததும் ஜூனிலேயே பழைய ந.க.எண்ணைக் கடிதத்தின் 'பார்வை' வரியில் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்; வடகிழக்குப் பருவமழைக்குள் ஆணை கைக்கு வந்துவிடும்.