குறை சொன்னவர்களையும் தம் புத்தகத்தில் வைத்துக்கொண்டவர்

வேதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அற்புதங்கள் இல்லை, தேவனைப் பற்றி அதில் எழுதப்பட்டிருக்கிற புகார்கள்தான். எதிரிகள் சொன்ன புகார்கள் என்றால் ஆச்சரியமில்லை. இவை அவரை நம்பினவர்கள், அவருக்காகவே வாழ்ந்து களைத்தவர்கள் சொன்னவை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார். "நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்றுதான் ஆபகூக் தீர்க்கதரிசியின் ஜெபமே தொடங்குகிறது. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் இழந்துவிட்டுப் பெத்லெகேமுக்குத் திரும்பிய நகோமி, ஊர்ப் பெண்களிடம் "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று அவரையே கைகாட்டிச் சொல்கிறாள். எரேமியா இன்னும் ஒருபடி மேலே போய், நீர் எனக்கு நம்ப முடியாத ஊற்றைப்போல, வற்றிப்போகிற தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கேட்டுவிடுகிறார். ஒரு தீர்க்கதரிசி தன்னை அனுப்பினவரிடம் கேட்கிற கேள்வியா இது?

எந்த ராஜாவும் தன்னைப் பற்றி இப்படிப் பேசியதைத் தன் அரண்மனைக் குறிப்பேட்டில் விட்டுவைக்க மாட்டான். இவர் விட்டுவைத்திருக்கிறார். அதுமட்டுமல்ல, அவற்றில் பலவற்றை பாடகரை நடத்தும் இராகத்தலைவன் கையில் ஒப்படைத்து, ஜனங்கள் கூடிவரும்போது பாடும்படி வைத்திருக்கிறார். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. பாடுகளின் நேரத்தில் தேவன் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்: தம்மை நோக்கிக் குறை சொல்லுகிறவர்களின் வாயை அவர் மூடவில்லை.

88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுவதும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் திரும்பும், "ஆனாலும் உம்மை நம்புவேன்" என்று முடியும். இது திரும்பவே திரும்பாது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று முதல் வரியில் கூப்பிட்டவர், கடைசி வரியில் சிநேகிதனையும் தோழனையும் நீர் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். பதில் வரவில்லை, வெளிச்சம் வரவில்லை. கடைசியில் இரண்டு வரி ஸ்தோத்திரம் சேர்த்து இதைச் சரிப்படுத்தியிருக்கலாம், யாரும் சேர்க்கவில்லை. அந்த நிலைமையிலேயே ஒரு மனுஷன் ஜெபிக்கலாம், அந்த ஜெபமும் ஜெபம்தான் என்று தேவன் ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் யோபு, பிள்ளைகளையும் சொத்தையும் சரீரசுகத்தையும் இழந்தவர். யோபுவின் பொறுமையைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்போம், ஆனால் அந்தப் பொறுமை முதல் இரண்டு அதிகாரங்களோடு சரி. மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்தவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அதற்கப்புறம் முப்பதாவது அதிகாரத்தைத் தாண்டியும் அவருடைய வழக்கு ஓயவில்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதர்களும் முதலில் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது. அவர்கள் சொன்னதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய தவறு தெரியாது: தேவன் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனந்திரும்பினால் ஆசீர்வாதம் வரும். நம்முடைய கூட்டங்களில் யாராவது இதைச் சொன்னால் ஆமென் சொல்லிவிடுவோம்.

எங்கள் வீட்டில் ஒரு மரணம் நடந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர், இதன் மூலம் தேவன் உங்களுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுக்கிறார் என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ, பாடம் நடத்துவதற்காக ஒரு உயிரை எடுக்கிற தேவனை எப்படி அப்பா என்று கூப்பிடுவது என்றுதான் தோன்றியது. அந்த நாட்களில்தான் யோபு 13-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் கண்ணில் பட்டது: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" தேவனுக்கு வக்கீலாக நின்று பொய் சொல்லாதே என்று ஒரு துக்கப்பட்ட மனுஷன் கத்துகிறான். அதே மனுஷன் இன்னொரு இடத்தில் அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறான். இதையெல்லாம் படித்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது.

கடைசியில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசும்போது யோபுவை அப்படியே தட்டிக்கொடுத்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். "அறிவில்லாத வார்த்தைகளினால் ஆலோசனையை அந்தகாரப்படுத்துகிற இவன் யார்?" என்றுதான் ஆரம்பிக்கிறார், யோபுவும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஏன் இது நடந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சைப் பற்றிக்கூட யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை, வாசிக்கிற நமக்குத்தான் தெரியும். அதற்குப் பதிலாக மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் பெய்கிற மழையைப் பற்றி, இரைக்காகக் கூப்பிடுகிற காக்கைக்குஞ்சுகளைப் பற்றி, வரையாடுகள் ஈனும் காலத்தைப் பற்றிக் கேட்கிறார். யாருமே பார்க்காத இடத்தில் நடக்கிற ஒரு பிரசவத்தைக்கூட நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுகிற ஒருவரின் குரலாகத்தான் எனக்கு அது கேட்கிறது.

ஆனால் கோபம் யார்மேல் வந்தது என்று பாருங்கள். எலிப்பாசைக் கூப்பிட்டு, "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். தேவனை விட்டுக்கொடுக்காமல் பேசினவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள், தேவனோடு வழக்காடினவன் "என் தாசன்" ஆனான். அவர்களுக்கு மன்னிப்பு வேண்டுமென்றால் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய் அதே யோபுவிடம் நிற்க வேண்டும், அவன் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். வேதாகமத்திலேயே தேவனுடைய குணத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிற இடங்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

சரி, அப்படியென்றால் வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர்மேல் மட்டும் ஏன் கோபப்பட்டார்? நியாயமான கேள்வி. எண்ணாகமத்தையும் உபாகமத்தையும் வாசித்தால் அவர்களுடைய முறுமுறுப்பு அவரை விட்டு விலகிப்போகிற முறுமுறுப்பு என்று தெரியும். கூடாரங்களில் உட்கார்ந்து, கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்றார்கள். அதே வனாந்தரத்தில், எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில், மோசேயும் புலம்புகிறார். இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன், இந்தப் பாரத்தை என்னால் தாங்க முடியாது, இப்படித்தான் செய்வீர் என்றால் இப்பொழுதே என்னைக் கொன்றுபோடும் என்கிறார். இதைவிடக் கடுமையாக யாரும் பேச முடியாது. ஆனால் அவர் அதைக் கர்த்தரிடத்திலேயே பேசினார். கர்த்தர் செய்தது என்ன? பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள 70 மூப்பர்களைக் கொடுத்தார்.

எலியா தீர்க்கதரிசிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொல்லுகிற விசுவாசியிடம் நாம் என்னவெல்லாம் பேசுவோம்! வந்த தூதன் செய்தது அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னதுதான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் முறை எழுப்பியபோது, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று மட்டும் சொல்லப்படுகிறது. ஓரேப் மலையில் கர்த்தர் ஒரே கேள்வியை இரண்டுமுறை கேட்கிறார், எலியாவும் அதே புலம்பலை வார்த்தை மாறாமல் இரண்டுமுறை சொல்கிறார். மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும், சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்போம். கர்த்தர் அதையும் கேட்டுக்கொண்டு, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி, கூடவே அவருக்குப் பின் ஊழியம் செய்யப்போகிற எலிசாவையும் காட்டுகிறார்.

ஆகாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் ஆபிரகாமின் வீட்டில் இருந்த ஒரு எகிப்திய அடிமைப்பெண், வாக்குத்தத்தத்தில் பங்கில்லாதவள், வீட்டைவிட்டு ஓடிவந்தவள். நீர் என்னைக் காண்கிற தேவன் என்று கர்த்தருக்கே ஒரு பெயர் வைத்தது அவள்தான், ஆபிரகாம் இல்லை. எனக்கு அது போதும்.

எருசலேம் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடம் விழுந்த பின்பு பாடப்பட்ட புலம்பல் புத்தகத்தில், நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுகிற "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம் மூன்றாம் அதிகாரத்தின் நடுவில், அதாவது ஐந்து அதிகாரப் புத்தகத்தின் நடுப்பகுதியில் வருகிறது. கொஞ்சம் கீழே, "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை" என்று இருக்கிறது. அதை மட்டும் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். ஆனால் புத்தகம் அங்கே முடியவில்லை. மறுபடியும் பசியால் சாகிற குழந்தைகள், மறுபடியும் கண்ணீர், கடைசி வசனத்தில் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற பயம். நம்பிக்கை வந்த பிறகும் அழுகை தொடரலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா?

இதெல்லாம் பழைய ஏற்பாடு, இயேசு வந்த பிறகு நாம் இப்படிப் பேசக்கூடாது என்பவர்கள் உண்டு. அவரே கெத்செமனேயில் என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷரிடம் சொன்னாரே. இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று மூன்றுமுறை ஜெபித்தாரே, அது நீங்கவில்லையே. சிலுவையில் அவர் வாயில் வந்தது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மனுஷர் தேவனை நோக்கிக் காலங்காலமாகச் சொல்லிவந்த புகாரைத் தேவனுடைய குமாரனே தம்முடைய புகாராக எடுத்துச் சொன்னார். பாடுகளைப் பற்றி வேதம் சொல்லுகிற எல்லாவற்றிலும் இதை மிஞ்சியது எதையும் நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் எனக்குத் தொண்டையில் நிற்கிற ஒரு பகுதி உண்டு. அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா இயேசுவின் சீஷனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான், ஒரே வசனம். அப்புறம் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான், அவரைத் தூதன் வந்து விடுதலையாக்குகிறான், அது பக்கம் நிறைய வருகிறது. இரண்டு பேரும் இயேசுவுக்கு மிக நெருங்கின மூவரில் இருந்தவர்கள். ஒருவருக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவில்லை. விசுவாசம் குறைவு, ஜெபம் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா எந்தக் காரணமும் எழுதவில்லை. நாமும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை வாசிக்கிற யாராவது யாக்கோபின் வீட்டைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

அந்த யாக்கோபின் சகோதரன் யோவான். நான்காம் சுவிசேஷத்தை எழுதினவர் அவரே என்பது சபையின் பாரம்பரியம். அதை வைத்துக்கொண்டு யோவான் 11-ஐ வாசிக்கும்போது அந்த அதிகாரமே எனக்கு வேறாகத் தெரிகிறது. சகோதரனைப் பறிகொடுத்த ஒருவர், சகோதரனைத் திரும்பப் பெற்ற இரண்டு பெண்களின் கதையை எழுதுகிறார். இயேசு அவர்கள்மேல் அன்பாயிருந்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே, அவர்கள் சகோதரன் லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேட்டும் அவர் இரண்டு நாள் தாமதித்தார் என்றும் எழுதுகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு வந்து, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். மரியாள் காலில் விழுந்து அதையே சொல்கிறாள். கூட இருந்தவர்களில் சிலரும், குருடனுடைய கண்களைத் திறந்தவர் இவனைச் சாகாமல் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்கிறார்கள். ஒருவரையும் இயேசு அதட்டவில்லை. மார்த்தாளோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார், மரியாளோடு பேசாமல் அழுதார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். தன் வீட்டில் நடக்காத அந்த அற்புதத்தை யோவான் இவ்வளவு விவரமாக எழுதினார், அந்த மூன்று புகார்களில் ஒன்றைக்கூட விடாமல்.