ரெண்டாம் கல்யாணம்

"எல்லாரும் சம்மதித்தால் பலதார மணத்தை அனுமதித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். இடுப்பில் பிள்ளை, போக்கிடம் இல்லை, மூத்தவள் தலையாட்டுகிறாள். இதுக்குப் பேர் சம்மதமாம்!

சென்னை மாகாணத்தில் 1949லேயே இந்துக்களுக்கு இருதார மணம் தடை. இப்போது ஏழு ஆண்டுவரை சிறை. ஆனால் ரெண்டாவது கல்யாணம் முறைப்படி நடந்ததென்று நிரூபிக்க வேண்டும். அதனால்தான் தெரியாத ஊர்க் கோயிலில், போட்டோகூட எடுக்காமல் தாலி கட்டுகிறார்கள். அந்த ஆள் செத்ததும் வாரிசுச் சான்றிதழில் பிள்ளைகளுக்கு இடமுண்டு, இளையவளுக்குக் கிடையாது. நான் தடையின் பக்கம்தான். ஆனால் முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டப்பட்டவளுக்கு ஜீவனாம்சமாவது தெளிவான உரிமையாக வேண்டும்.

சரி, மனைவிக்கு ரெண்டாவது புருஷன் என்றால் சம்மதமா? உடனே கலாசாரம் பேசுவார்கள் பாருங்கள்.